ஒன்பதாம் தடத்துப் பனி

பதிவு 1
மே 3, 2043. காலை 07:40. தாங்ஸோ ஏரிக்கு மேல். உயரம் 6,400 மீட்டர்.

வானம் தெளிவு. காற்று வடமேற்கிலிருந்து, மிதம். விமானத்தில் இரண்டு பேர். ஓட்டுபவர் கேப்டன் அந்தோணி கொரேரா, தூத்துக்குடிக்காரர். கருவிகளைப் பார்ப்பவள் அங்கயற்கண்ணி, நான்.

விமானத்தின் வயிற்றில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று லேசரால் பனியின் ஆழத்தை அளக்கிறது. மற்றது, பனி எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கிறது. நூறு பங்கு வெயில் விழுந்தால் புதுப்பனி எண்பத்தைந்து பங்கைத் திருப்பி எறிந்துவிடும். பழைய பனி அறுபது. அழுக்கேறிய பனி நாற்பது. எறியாமல் வைத்துக்கொள்ளும் மிச்சம்தான் அதை உருக்குகிறது. பதினோரு வருடமாக என் வேலை இந்த ஒரு எண்ணைப் பிடிப்பதுதான்.

இன்று பன்னிரண்டு தடங்களும் பறந்தாயிற்று. தடம் என்றால் பனியாற்றின் மேல் நாங்கள் போட்டுவைத்திருக்கும் நேர்கோட்டுப் பாதை; ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் பறக்க வேண்டும். சராசரிப் பனி ஆழம் 58 சென்டிமீட்டர். இந்தத் தேதிக்கு 140 இருக்க வேண்டும். பிரதிபலிப்பு 79. வறட்சியின் மூன்றாம் ஆண்டு. இருக்கிற கொஞ்சமாவது வெள்ளையாக இருக்கிறது.

ஏரிக்கரையில் உள்ள நீர்மட்ட அளவுகோலைப் படித்துச் சொல்பவள் கார்ஸே கிராமத்து யாங்ஸோம். ஏழு வருடம் திருப்பூரில் பனியன் தைத்துவிட்டு ஊர் திரும்பியவள். ரேடியோவில் அவள் குரலைக் கேட்டால் அவிநாசி ரோட்டில் நிற்பது போல இருக்கும்.

“அக்கா, வணக்கமுங்க. நாலு புள்ளி ஒண்ணு. நேத்தும் அதேதானுங்க.”

விமானத்தின் சூடேற்றி வேலை செய்யவில்லை. இது என் நான்காவது புகார். விதிப்படி ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு பதிவு எழுத வேண்டும். அது எங்கள் நீர் ஆணையத்தின் கணினியில் ஒரு கோப்புக்குள் போகும். இதுவரை ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆகவே இதைப் படிக்கிற நீங்கள் யாராக இருந்தாலும், நீங்கள்தான் முதல் ஆள். வாருங்கள்.

பதிவு 2
மே 8. காலை 08:15.

தடம் 3இல் பிரதிபலிப்பு 31.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வெள்ளைத் தகட்டைக் காட்டிச் சரிபார்த்தேன். கருவி சரி. கேப்டனைத் திரும்பப் பறக்கச் சொன்னேன். 31. தடம் 4இல் 29. தடம் 7இல் 33. தடம் 5, 6இல் வழக்கம்போல 78.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனியாற்றின் மேல் மூன்று சாம்பல் பட்டைகள். ஒவ்வொன்றும் நானூறு மீட்டர் அகலம். விளிம்புகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருக்கின்றன.

என் தடங்களின் மேலேயே விழுந்திருக்கின்றன. ஒரு மீட்டர்கூட விலகாமல்.

கேப்டனிடம் “இதைப் பார்த்தீர்களா?” என்றேன். அவர் காற்றழுத்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவு 3
மே 9. காலை 11:00. விமான தளம்.

சமவெளியில் ஆணையத்தின் தலைமையகத்தில் இருக்கும் திட்ட இயக்குநர் டாக்டர் கலியபெருமாளிடம் பேசினேன். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என் பதிவேட்டை அவர் பார்த்து எழுதிய காலமும் உண்டு. பேச்சு பதிவாகியிருக்கிறது. எழுத்தில்:

“பாலைவனத் தூசிதான் கயலு. இந்த வருஷம் மேற்கேருந்து காத்து ஜாஸ்தி.”

“தூசி என் தடத்த மட்டும் பார்த்துப் பார்த்து விழுமா?”

“நீ எல்லாத்தையும் சந்தேகப்படுற.”

“அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறீங்க.”

“தூசின்னு எழுதிட்டு அடுத்த வேலையப் பாரு.”

எழுதவில்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் என் அறிக்கையைக் கணினியில் திறந்து பார்த்தால், அந்த இடத்தில் ‘தூசி’ என்று மாறியிருந்தது. என் கையெழுத்தின் மேலேயே.

பதிவு 4
மே 11. பகல் 15:30. விமான தளம்.

யாங்ஸோம் ஆறு மணி நேரம் ஏறி, தடம் 3இன் கீழ்முனையில் பனி எடுத்துவந்தாள். நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று ரேடியோவில் சும்மா சொன்னேன், அவ்வளவுதான். சாப்பாட்டு டப்பாவில் போட்டு, தளத்துக்கு வரும் ஜீப்பில் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

“அடுப்புக்கரி இல்லீங்க அக்கா. மை மாதிரி இருக்குதுங்க. சோப்புப் போட்டுத் தேய்ச்சும் கை வெளுக்கலீங்க. இந்தத் தண்ணியத்தான் கீழ குடிக்கறமுங்க.”

டப்பாவில் இருந்தது உருகிப்போயிருந்தது. கறுப்புத் தண்ணீர். வடிகட்டி, உலர்த்தி, உருப்பெருக்கியில் பார்த்தேன். கரித்தூள். புகையில் வரும் கரி பல அளவுகளில் இருக்கும். இது எல்லாம் ஒரே அளவு. ஆலையில் அரைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். தலைப்பு: ‘மிக விரைவாக உருகக்கூடிய பகுதிகள்’. எச்சரிக்கை செய்வதற்காகப் போட்டது. இந்த இடங்களில் கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் பனி தாங்காது, கவனம் என்று காட்டுவதற்காக. தடம் 3, 4, 7 மூன்றும் அதில் முதல் மூன்று இடங்கள்.

எச்சரிக்கையை அவர்கள் வேலைப் பட்டியலாகப் படித்திருக்கிறார்கள்.

பதிவு 5
மே 13. காலை 06:50. விமானக் கொட்டகை.

இங்கே இரண்டு விமானங்கள் நிற்கின்றன. ஒன்று எங்களுடையது. மற்றது, நாங்கள் பறக்காத நாட்களில் மழைக்காக மேகத்தில் உப்புத் தூவப் போவதாகச் சொல்லப்படுவது. இரண்டையும் ஓட்டுபவர் ஒருவரே.

இன்று காலை கேப்டன் கொரேராவின் காற்சட்டை விளிம்பைப் பார்த்தேன். பிறகு அவருடைய நகக்கண்களை. அதே கரி. பிறகு முகத்தை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எனக்கு உப்புன்னுதான் சொன்னாவ டாக்டரம்மா. நான் கடக்கரையில பொறந்தவன். உப்பு எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது? மூட்டையப் பிரிச்சப்பவே தெரிஞ்சிட்டு. கறுப்பா இருந்துச்சி. நான் கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா வேற ஒருத்தன் ஓட்டுவான். ரெண்டு வண்டியும் கையவிட்டுப் போயிரும். அம்பத்தேழு வயசுல எனக்கு எவன் வண்டி குடுப்பான்?”

நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கொட்டகையில் இருந்த மெக்கானிக்குகள் வெளியே போய்விட்டார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில், “நாளைக்கு நான் அந்த வண்டியில ஏற மாட்டேன். அது மட்டுந்தான் என் கையில இருக்கு” என்றார்.

போதாது என்றேன். ஆமா, போதாது என்றார்.

பதிவு 6
மே 14. காலை 10:20. விமான தளம்.

கலியபெருமாள் ஒத்துக்கொண்டார். பொய் சொல்லிக் களைத்துப்போன குரல். பேச்சின் முக்கியமான பகுதி:

“சமவெளியில மூணு கோடி பேரு கயலு. அணையில தண்ணி சேத்து மட்டத்துக்கு வந்தாச்சி. நேத்து ரெண்டு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ நிறுத்திட்டாங்க. மழை இந்த வருஷமும் இல்லன்னு சொல்லிட்டாங்க. மேல பனியா உக்காந்துருக்கு. கொஞ்சம் கறுப்பாக்குனா ஒரு மாசத்துல எறங்கும். நான் என்ன செய்யட்டும்?”

“அது ஜூலைத் தண்ணி. மே மாசத்துலயே குடிச்சிட்டா ஜூலையில என்ன பண்ணுவீங்க?”

“ஜூலைய ஜூலையில பாத்துக்கலாம்.”

“கலியா, கீழ ஏரி இருக்கு. உருகுற தண்ணியில பாதி அதுக்குள்ளதான் போகும். அதோட கரை வெறும் கல்லும் மண்ணும் பனிக்கட்டியும். மனுஷன் கட்டுனது இல்ல.”

“உங்க அக்கா சாத்தூர்ல தண்ணி லாரிக்கு எத்தன மணி நேரம் நிக்கிறாங்கன்னு நீதானே சொன்ன? நீயே இப்படிப் பேசுனா எப்படி?”

இதற்கு என்னிடம் பதில் இருக்காது என்று நினைத்திருக்கிறார். அக்கா நிற்கிறாள். காலையில் நான்கு மணி நேரம். அந்தக் கோபத்தில்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனால் அவள் தன் குடத்தை நிரப்ப அடுத்த வீட்டுக் கூரையைப் பிரித்து எறிந்ததில்லை. இதைச் சொன்னேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

யாங்ஸோம் சொன்ன ஏரி மட்டம்: 5.8. ஆறு நாளில் ஒன்றரை மீட்டர் ஏற்றம்.

பதிவு 7
மே 16. பகல் 14:00.

கணக்கு போட்டேன். மூன்று விதமாகப் போட்டேன், மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மட்டம் எட்டைத் தாண்டினால் கரை தாங்காது. இன்று 6.5. இன்னும் நான்கைந்து நாள்.

கீழே கார்ஸே கிராமம். 212 பேர். அதற்குக் கீழே பாலம். அதற்கும் கீழே, ஆற்று ஓரத்திலேயே, இந்த விமான தளம்.

ஏழு முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பினேன். மாவட்டப் பேரிடர் அறைக்கும் போன் செய்தேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டார். பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். கடைசியில், “ஆணையத்திடமிருந்து எங்களுக்குத் தாக்கீது வரணும் மேடம். நேரா உங்ககிட்டேருந்து வாங்க முடியாது” என்றார்.

பதிவு 8
மே 18. காலை 09:00.

கடிதங்களுக்குப் பதில் வந்துவிட்டது. என் பறப்பு அனுமதி ரத்து. எங்கள் விமானத்துக்கு எரிபொருள் கிடையாது. கார்ஸேயின் ரேடியோவை இங்கே கொண்டுவந்து சேர்த்த மலைமேல் கோபுரத்தை ‘பராமரிப்புக்காக’ அணைத்துவிட்டார்கள். இனி யாங்ஸோம் பேசினால் அவள் தலைக்கு மேல் பறந்தால்தான் கேட்கும்.

கேப்டன் மறுத்ததால் புதிதாக ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. ஆளில்லா விமானம். இறக்கைக்கு அடியில் இரண்டு நீள உருளைகள். தடங்களை நானே கொடுத்திருக்கிறேன், என் கோப்பிலிருந்து எடுத்து ஏற்றிவிட்டார்கள். அதற்குச் சாப்பாடு வேண்டாம், சந்தேகம் வராது, நகத்தில் கறை படியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பத்தரை மணி வாக்கில், தடத்துக்கு மூன்று ஓட்டம்.

தடம் 5 முடிந்தது. அடுத்து 6, 8, அதன்பின் ஒன்பது.

பதிவு 9
மே 20. பகல் 16:40.

மலையிலிருந்து இறங்கிய லாரி டிரைவர் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார். பனியன் அட்டையின் பின்பக்கத்தில் யாங்ஸோம் தமிழில் எழுதியிருக்கிறாள்:

‘அக்கா 7.9. கரைக்கு கீல சேரு தண்ணி வருது. என்ன செய்ய.’

கரைக்கு அடியில் தெளிந்த நீர் கசிந்தால் அது வெறும் கசிவு. சேறாக வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. அவளாகவே பார்த்து எழுதியிருக்கிறாள்.

சாலை வழியாகப் போக பதினோரு மணி நேரம். வழியில் ஆணையத்தின் தடுப்பு இருக்கிறது. சீட்டைக் கேப்டனிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். “டாங்குல ரெண்டேமுக்கா மணி நேரத்துக்கு எண்ணெய் கெடக்கு. வடிச்சு எடுக்க மறந்துட்டானுவ. வெளிச்சம் வந்தவொடன போவோம்” என்றார்.

பதிவு 10
மே 21. காலை 06:55. புறப்பட்டோம்.

தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் ‘எஞ்சின் சோதனை, பத்து நிமிடம்’ என்று சொல்லி எழும்பிவிட்டார் கேப்டன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

07:24. ஏரிக்கு மேல். மட்டம் 8.3. கரையின் மேல்விளிம்பு ஓர் இடத்தில் 1.6 மீட்டர் இறங்கியிருக்கிறது. லேசர் காட்டுகிறது. கண்ணுக்கும் தெரிகிறது. கீழே பழுப்பு நிறத்தில் ஒரு ஊற்று.

07:26. யாங்ஸோம் கிடைத்துவிட்டாள். செய்தி:

“யாங்ஸோம், ஊர மேல ஏத்து. மடத்து மேட்டுக்கு. இப்பவே. எதையும் எடுக்க வேண்டாம்.”

“ஆடுங்க அக்கா?”

“வேண்டாம்.”

“செரிங்க.”

அவ்வளவுதான் கேட்டாள். ஏன், எதற்கு, யார் சொன்னது, தாக்கீது எங்கே என்று எதுவும் கேட்கவில்லை.

07:52. மேட்டுப் பாதையில் புள்ளிகள். எண்ணுகிறேன். தொண்ணூறு. நூற்று நாற்பது. யாரோ ஒருவரை முதுகில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கேப்டன் தாழப் பறந்து எஞ்சினை உறுமவைக்கிறார், பின்தங்குகிறவர்களை விரட்ட.

08:03. “அக்கா, எல்லாரையும் மேல போச்சொல்லிப்போட்டனுங்க. கடேசி வீடும் பூட்டியாச்சு. நானு பாலத்துக்குப் போறனுங்க.”

“பாலத்துக்கு எதுக்கு?”

“ரோடு போடறவங்க அங்க டெண்ட்டு போட்டிருக்காங்கல்லங்க. ஜார்க்கண்டுக்காரங்க. இருவத்தாறு பேரு. அவங்களுக்கு ஆரும் சொல்லலீங்க. ஊருக் கணக்குல அவங்க இல்லீங்களே.”

என் கணக்கிலும் இல்லை. 212 என்று எழுதினேன். பதினோரு வருடமாக அந்தப் பாலத்துக்கு மேல் பறக்கிறேன். நீலத் தார்ப்பாய்களைப் பார்த்திருக்கிறேன்.

போகாதே என்றேன். கேட்டிருக்கும்.

08:14. கரை போய்விட்டது.

முதலில் ஒரு வாய் அளவு. பிறகு முழுவதும். ஏரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது போல இருந்தது. வீடு அளவுக் கற்கள் மிதக்கிற மாதிரி போகின்றன. இவ்வளவு உயரத்தில் எஞ்சினையும் மீறிச் சத்தம் கேட்கிறது.

08:21. “இருவது பேரு ஏறிட்டாங்க அக்கா. சத்தங் கேக்குதுங்க. இன்னும் ஆறு பேரு பாலத்துக்கு அந்தப் பக்கம், அவங்களுக்கு நம்ம பாஷ புரியலீங்க, நான் போயி கையப் புடிச்சு இழுத்துட்டு—”

08:22. யாங்ஸோம். பதில் இல்லை.

08:23. யாங்ஸோம். பதில் இல்லை.

08:24. பாலம் இல்லை. தார்ப்பாய் ஒன்றுகூட இல்லை. இந்தப் பக்கச் சரிவில் புள்ளிகள் இருக்கின்றன. எண்ணினேன். இருபது.

08:25. யாங்ஸோம்.

08:41. கலியபெருமாள் ரேடியோவில் வந்தார். அவர் சொன்ன முதல் வாக்கியத்தை மாற்றாமல் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர் இதை மட்டுமாவது வெளியே எடுத்துக்கொண்டு போங்கள்.

“கயலு, அணைக்கு எப்ப வந்து சேரும்? எவ்வளவு வரும்?”

நான் சொன்னேன்: “ஏழு பேர். சாயங்காலத்துக்குள்ள வந்து சேந்துடுவாங்க. மதகுல ஆள் போட்டுப் பாத்துக்கோங்க. ஒருத்தி பேரு யாங்ஸோம். மத்த ஆறு பேரு பேரும் விசாரிச்சு எழுதிவச்சுக்கோங்க.”

தொடர்பை நானே துண்டித்தேன்.

08:58. விமான தளம் இருந்த இடத்தில் சேறு ஓடுகிறது. கரை போன உடனே கேப்டன் ரேடியோவில் சொன்னதால் ஆட்கள் மேடேறி நிற்கிறார்கள். ஓடுபாதையின் ஒரு மூலைகூடத் தெரியவில்லை. எரிபொருள் நாற்பது நிமிடம். கணவாயைத் தாண்டி அடுத்த தளத்துக்கு எழுபது நிமிடம்.

கேப்டன்: “டாக்டரம்மா, மேல எங்கயாவது சமமா ஒரு எடம் சொல்லுங்க. ஒங்களாலதான் முடியும்.”

சமமாக, பிளவு இல்லாமல், இன்னும் ஆழமான பனியோடு இருக்கும் இடம் ஒன்றுதான். தடம் 9. பிரதிபலிப்பு 81. பனியாற்றில் மிச்சமிருக்கும் வெள்ளை.

09:33. இறங்குகிறோம். பெல்ட்டைக் கட்டிக்கொள்ளச் சொல்கி

பதிவு 11
மே 21. பகல் 12:40. தடம் 9. உயரம் 5,280 மீட்டர்.

உயிரோடு இருக்கிறோம்.

சக்கரம் பனியில் புதைந்து விமானம் மூக்கில் குத்தி நின்றது. வால் மடங்கிவிட்டது. இருப்பிடம் சொல்லும் அவசர ஒலிபரப்பி வாலில்தான் இருந்தது, நொறுங்கிக் கிடக்கிறது. கேப்டனின் வலது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. இருக்கைப் பலகையை வைத்துக் கட்டியிருக்கிறேன். கத்தவில்லை. மாதாவைக் கூப்பிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, “நல்ல எடமாத்தான் சொன்னீய” என்றார்.

அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. கம்பளியைப் போர்த்திவிட்டேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிறது.

பேட்டரியில் ரேடியோ வேலை செய்கிறது. மீட்புக் குழு கிடைத்தது. ஆணையத்தின் வரைபடத்தில் தடம் 9 என்று சொன்னேன். ஹெலிகாப்டர்கள் எல்லாம் கீழே வெள்ளத்தில் சிக்கியவர்களை எடுக்கின்றன. எங்களுக்கு நாளை காலை. சரி என்றேன். அவர்கள்தான் முதலில்.

“விமானம் என்ன நிறம்?” என்று கேட்டார்கள்.

“ஆரஞ்சு. வெள்ளைப் பனியில. தப்பவே முடியாது.”

13:05. கலியபெருமாளைக் கூப்பிட்டேன். ஆளில்லா விமானம் வேறு தளத்துக்குப் போய்விட்டது, வெள்ளத்தில் அகப்படவில்லை என்றார். நாளை காலை அதன் முறை. தடம் 9.

“அத நிறுத்துங்க. நாங்க அதுலதான் உக்காந்திருக்கோம்.”

“நிறுத்திட்டேன் கயலு. எல்லா ஓட்டமும் ரத்து. என் பொண்ணு மேல சத்தியமா.”

அழுதார் என்று நினைக்கிறேன். நான் கேட்க விரும்பவில்லை. வைத்துவிட்டேன்.

பதிவு 12
மே 22. காலை 06:30.

இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருவரும் விழித்துக்கொண்டோம்.

கையில் பிடிக்கும் சிறிய மீட்டரால் பனியை அளந்தேன். பழக்கம். 82.

09:50. பேட்டரி இறங்கிவிட்டது. அங்கிருந்து பேசுவது மட்டும் கேட்கிறது. பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால் விளக்கு அணைகிறது. பரவாயில்லை. இடம் அவர்களுக்குத் தெரியும். நிறம் தெரியும்.

10:05. மீட்புக் குழு, இந்தியில்: “புறப்பட்டுவிட்டோம். நாற்பது நிமிடத்தில் பனியாற்றின் கீழ்முனை. ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம்.”

கேப்டனுக்குக் காய்ச்சல். தண்ணீர் கேட்டார். பனியை உருக்கிக் கொடுத்தேன். இது சுத்தமான பனி என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

10:33. சத்தம். வெளியே வந்துவிட்டேன்.

இது தெற்கிலிருந்து வருகிறது. தாழ்வாக. நேர்கோட்டில்.

10:35. கையசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று தெரியவில்லை. அதற்குள் யாரும் இல்லை. என் தடம். என் கோப்பு. மையக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர்கூட விலகாமல் வருகிறது.

உருளைகள் திறக்கின்றன.

10:41. முதலில் நிழல் என்று நினைத்தேன். மெதுவாக இறங்கியது. சத்தமில்லாமல். மூக்கில், வாயில், கண் இமையில். இறக்கைமேல் விழுந்து அப்படியே ஒட்டிக்கொள்கிறது. பனி உருகின ஈரத்தில் மைபோல ஆகிறது.

சத்தியம் பண்ணினான். பொண்ணு மேல. பொய் சொன்னானா? நிறுத்தச் சொல்லி, கேட்க வேண்டியவன் கேட்கவில்லையா? தாக்கீது மேலே போய்க் கையெழுத்துக்குக் காத்திருக்கிறதா? எதுவாக இருந்தாலும் வந்துவிட்டது. ஒரு ஊர் போய் ஒரு நாள் ஆகிறது, இன்னும் வருகிறது, பொத்தானை அமுக்க ஒரு விரல்

10:48. இரண்டாம் ஓட்டம். முதலில் விட்ட இடத்தை நிரப்புகிறது. நல்ல வேலை. சீராகப் பரவியிருக்கிறது. நான் எழுதிய குறிப்புதான்: ‘சீராக இருந்தால் விளைவு அதிகம்.’

மீட்டர்: பனி 24. இறக்கை 21. மூன்று எண் வித்தியாசம்.

10:53. ஹெலிகாப்டர் சத்தம். கிழக்கே. நிச்சயம் இது ஹெலிகாப்டர்தான். துடைக்கிறேன். கம்பளியால், வரைபடத் தாளால், சட்டைக் கையால். துடைத்தால் போகவில்லை, பரவுகிறது. சோப்பு போட்டும் போகவில்லை என்றாளே.

10:58. கண்ணாடியில் வெயிலைக் காட்டப் பார்த்தேன். கண்ணாடியும் கறுப்பு.

11:04. ரேடியோவில். இந்தியில் கேட்டது, தமிழில்:

“எட்டாம் தடம் கறுப்பு. ஒன்பதாம் தடமும் கறுப்பு. வெள்ளைப் பனியில ஆரஞ்சு விமானம்னு சொன்னாங்க. இங்க வெள்ளையே இல்ல. தடத்த தப்பாச் சொல்லிட்டாங்க போல. பத்து, பதினொண்ணு பாத்துட்டு எண்ணெய்க்குத் திரும்புறோம்.”

தலைக்கு மேலேதான் போனார்கள். கதவில் உட்கார்ந்திருந்தவனின் காலணி தெரிந்தது. கத்தினேன். என்னுடைய சட்டையும் முகமும் கறுப்பு. நான் ஒரு கல்.

11:06. பொத்தானை அழுத்தினேன். விளக்கு அணைந்தது. மறுபடி வரவில்லை.

11:09. உள்ளேயிருந்து கேப்டன் கேட்கிறார்: “வந்துட்டாவளா டாக்டரம்மா?”

இதோ வருகிறார்கள் என்றேன். நான் அவருக்குச் சொல்லும் முதல் பொய்.

11:15. கத்தியால் சுரண்டினால் வருகிறது. பெயிண்டோடு சேர்ந்து, ஆனால் அடியில் கொஞ்சம் நிறம் நிற்கிறது. ஒரு முழம் தெரிகிறது. இரண்டு முழம் போதும். எண்ணெய் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். வரத்தான் வேண்டும். படிக்கிறவரே, பேர்கள்: யாங்ஸோம், கார்ஸே. அந்தோணி கொரேரா, தூத்துக்குடி. அங்கயற்கண்ணி, சாத்தூர். ஆறு பேர், பாலம், பெயர் தெரியாது, விசாரியுங்கள். கலியபெருமாள். அவன் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்

11:21. ஒன்றரை முழம்

11:22. சத்தம். தெற்கே. தாழ்வாக.

தடத்துக்கு மூன்று ஓட்டம்